நான்காம் அத்தியாயத்தைப் பார்க்கவும்

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாநகராட்சி விளையாட்டரங்கின் முதல் மாடிக் கூடத்தில் நடந்த சதுரங்க லீக்கின் கடைசிச் சுற்றில், எங்கள் கிளப்பின் நான்காவது பலகையில் கறுப்புக் காய்களோடு ஆடியவர் இருபத்திரண்டாவது நகர்த்தலில் மேட் ஆனார். கிளப் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

ஆடியவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பெண். கிளப்பில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. 'எக்ஸ்ரே வந்தாச்சா?' என்றுதான் கேட்பார்கள். அணியில் பலத்தின் வரிசைப்படி பலகை தருவார்கள்; ஒன்பது வருடங்களாக நான்காவது பலகை அவருடையது. சீசன் முழுக்கத் தன் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை யார் யாரிடமோ கெஞ்சி மாற்றிக்கொண்டு, அந்தக் கடனை அடைக்க மற்றவர்களின் பண்டிகை நாட்களிலெல்லாம் இருட்டறையில் நின்றவர்.

அடுத்த வாரம் கிளப்பின் மாத இதழில் அணிக் கேப்டனின் அறிக்கை வந்தது. அதில் ஒரு வரி: 'நான்காவது பலகை எந்தத் தயாரிப்பும் இல்லாமல் வந்ததே தோல்விக்குக் காரணம்.' அந்தச் சுற்றில் முதல் பலகையும் தோற்றிருந்தது, ஆறாவதும் தோற்றிருந்தது. அவற்றைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல் இல்லை. மாதக் கடைசியில் கூடும் செயற்குழுவில் எக்ஸ்ரேயை முதல் அணியிலிருந்து நீக்கும் தீர்மானம் வரும் என்றும் அதே பக்கத்தின் அடியில் போட்டிருந்தார்கள்.

எங்கள் கேப்டன் இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் மனுக்களை ஆராய்வது அவர் வேலை. ஆளைப் பார்த்ததும் 'இது உங்க தப்புதானே?' என்று ஆரம்பிக்கிற குரல் அந்த வேலையில் வந்ததா, அந்தக் குரலுக்காகத்தான் வேலை கொடுத்தார்களா என்பது தெரியாது. எக்ஸ்ரேயின் ஆட்டத்தை அவர் பார்த்த விதம் எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்றேன். ஆட்டத்தாளை வாங்கி, கடைசி மூன்று நகர்த்தல்களை மட்டும் படித்தார். கடைசி வரிசையில் யானை வந்து செக். ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை. மேட். "பள்ளிக்கூடப் பிள்ளை வாங்கற மேட்" என்றார். தாளை மடித்து ஃபைலில் வைத்தார். முன்னால் இருந்த பத்தொன்பது நகர்த்தல்களும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

எக்ஸ்ரே ஒன்றும் சொல்லவில்லை. தோற்றவர் பேசினால் சாக்கு என்றுதான் காதில் விழும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதிலும் படித்துவந்த புத்தகத்தின் மேல் பழி போடுவதை எங்கள் கிளப்பில் யாரும் செய்யமாட்டார்கள். பந்தயத்தில் தோற்றுவிட்டுச் செருப்பைக் குறை சொல்வது மாதிரி அது. அவர் வாயை மூடிக்கொண்டதைக் கேப்டன் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் மாத இதழுக்காக ஐந்து புத்தகங்களை என் மேசையில் அடுக்கினார்கள். ஐந்தும் கறுப்புக்கான தற்காப்புப் புத்தகங்கள். வெள்ளை முதலில் நகர்த்துகிறது. அதனால் கறுப்பு ஒரு மூச்சு பின்தங்கித்தான் தொடங்குகிறது. அந்த மூச்சை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித்தருவதாக இந்தப் புத்தகங்கள் சத்தியம் செய்கின்றன. எது தேறும், எது தேறாது என்று நான் எழுத வேண்டும். பகலில் பத்திரிகை ஆபீசில் அடுத்தவர் எழுத்தைத் திருத்துகிறவள் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது, முன்னுரையைப் படிக்கக் கூடாது என்பது. முன்னுரையில் எல்லாப் புத்தகமும் வெல்லும். நேரே பொருளடக்கத்துக்குப் போய், வெள்ளை ஆடக்கூடிய சோம்பேறித்தனமான வழிகளுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரிய பெரிய தாக்குதல்களுக்கு நாற்பது பக்கம் எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு வருகிற சாதாரண ஆட்டக்காரன் நிஜமாகவே ஆடப்போகிற மந்தமான ஆட்டத்துக்கு இரண்டு பத்தி எழுதுகிறவரை நம்பக் கூடாது. உதாரண ஆட்டங்களில் கறுப்பே திரும்பத் திரும்ப ஜெயித்தால், எதிரே உட்கார்ந்தவர்கள் யாரென்று பார்க்க வேண்டும். ஐந்தில் ஒரு புத்தகத்தில் அப்படிப் பார்த்தேன். ஆசிரியர் தன் மாணவர்களைத் தோற்கடித்த ஆட்டங்களையே அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டிருந்தார்.

பச்சை அட்டை போட்டது ஐந்தாவது புத்தகம். அதை எழுதியவர் நகரத்தில் பெரிய பயிற்சிக்கூடம் நடத்துகிறார், எல்லோரும் 'மாஸ்டர்' என்பார்கள். முன்னுரை எழுதியவர் எங்கள் கேப்டன். சீசன் தொடங்குவதற்கு முன்பே அணியில் ஆளுக்கொரு பிரதி கொடுத்து, "கம்ப்யூட்டர்ல போட்டு நேரத்த வீணாக்காதீங்க. மாஸ்டர் எல்லாம் பார்த்துட்டாரு. மனப்பாடம் பண்ணுங்க, போதும்" என்று சொன்னவரும் அவர்தான்.

அந்தப் புத்தகத்தில் 'கறுப்புக்குப் பிரச்சினை இல்லை' என்ற வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவருக்குக் குதிரை எப்படிப் போகும் என்பதுகூடத் தெரியாது.

"கறுப்புக்குப் பிரச்சினையே இல்லன்னா, எதுக்கு அஞ்சு புத்தகம்?" என்றார்.

அதைவிட நல்ல மதிப்புரையை அந்த மாதம் நான் எழுதவில்லை.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு தொடக்க ஆட்டப் புத்தகம் வந்தால், அதைப் பரிந்துரைத்தவர் கறுப்புப் பக்கம் உட்கார வேண்டும். புத்தகம் அவர் மடியில் திறந்திருக்கும். சொந்த மூளையைப் பயன்படுத்தக் கூடாது, புத்தகம் சொன்னதை மட்டும் ஆட வேண்டும். எதிரே வெள்ளைப் பக்கம் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து, இஷ்டப்பட்டதை ஆடலாம். புத்தகம் எந்த இடத்தில் கைவிடுகிறதோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பத்து ஆட்டத்தில் எத்தனை கோடு விழுந்தது என்று பார்த்தால் புத்தகத்தின் தரம் தெரிந்துவிடும். சீசனுக்கு முன்பே வந்த பச்சை அட்டைக்கு மட்டும் அந்தச் சோதனை நடக்கவில்லை. "மாஸ்டர் எழுதினத நாம சோதிக்கறதா? நல்லா இருக்கா அது?" என்று கேப்டன் தள்ளிப் போட்டிருந்தார்.

ஐந்தையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும், இல்லையென்றால் மதிப்புரை எழுதமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். செயற்குழுவுக்கு ஒரு வாரம் முன்னால், சனிக்கிழமை காலையில் வைத்துக்கொண்டோம்.

கிளப் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். ஆறு மேசை. ஜன்னலோர மேசையின் ஒரு கால் குட்டை என்பதால் அதற்கடியில் பழைய போட்டி விதிகளை மடித்துச் செருகியிருக்கிறோம். அன்று நல்ல கூட்டம். முதல் நான்கு புத்தகங்கள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே முடிந்தன. பூட்டுச் சாவி செய்கிற எங்கள் 'அவசரம்' வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து, யோசிக்காமல் ஆடியே இரண்டு புத்தகங்களைக் கவிழ்த்தார்.

"புத்தகம் எழுதறவங்க எல்லாம் மரியாதையா ஆடறவனத்தான் எதிர்பாக்கறாங்க அக்கா" என்றார் என்னிடம். "என்ன மாதிரி ஆளுக்கு அத்தியாயமே இல்ல."

பச்சை அட்டையை எடுத்ததும் கேப்டன் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கறுப்புப் பக்கம் உட்கார்ந்தார். அப்போதுதான் எக்ஸ்ரே படியேறி வந்தார். ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டு கையில் தொங்கியது. அறிக்கை வந்த பிறகு அவர் கிளப் பக்கம் வருவது அதுவே முதல் தடவை. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் அவசரத்தின் தோளைத் தொட்டார்.

"எழுந்திருங்கண்ணே. இத நான் ஆடறேன்."

"உக்காரும்மா, உக்காரு. நமக்குத்தான் எதிலயும் அவசரமாச்சே, எழுந்திருக்கறதுலயும்தான்."

கேப்டன் முகத்தில் ஒரு சிரிப்பு. "இப்பவாச்சும் படிச்சுட்டு வந்தீங்களாம்மா?"

எக்ஸ்ரே ராணிக்கு முன்னாலிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார்.

கேப்டன் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஆடினார். ஐந்தாவது நகர்த்தலில் எக்ஸ்ரே தன் மந்திரியை வெளியே கொண்டுவந்தார். பெரும்பாலானவர்கள் அதைக் கறுப்புக் குதிரையை மிரட்டுகிற கட்டம் வரை கொண்டுபோவார்கள். இவர் அதற்கு ஒரு கட்டம் முன்னாலேயே நிறுத்திக்கொண்டார். கேப்டன் பக்கங்களைப் புரட்டினார். "ஏழாம் அத்தியாயம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஏழாம் அத்தியாயம் மூன்றரைப் பக்கம்.

பதினான்காவது நகர்த்தலில் மூன்றரைப் பக்கமும் தீர்ந்தது. கடைசி வரியை அவரே படித்தார்: "'இதற்குமேல் நான்காம் அத்தியாயத்தைப் பார்க்கவும். கறுப்புக்குப் பிரச்சினை இல்லை.'"

நான்காம் அத்தியாயத்துக்குத் திரும்பினார். அங்கே இருந்தபடி ராணியை இறக்கி, ஓரத்தில் சும்மா கிடந்த வெள்ளைச் சிப்பாயை வெட்டினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் "சிப்பாய் லாபம்" என்றார். எக்ஸ்ரே யோசிக்கவே இல்லை. குதிரையை நகர்த்தி, அந்த ராணி வீடு திரும்புகிற வழியை அடைத்தார். கேப்டன் புத்தகத்தைப் பார்த்து ஆடினார். யானையும் யானையும் வெட்டிக்கொண்டன. மறுபடி ஒரு நகர்த்தல், மறுபடி உடனே பதில். நடுவில் திறந்துகிடந்த நேர்கோட்டில் மிச்சமிருந்த வெள்ளை யானை கடைசி வரிசைக்கு இறங்கியது.

"செக்."

கேப்டன் புத்தகத்தில் விரலை ஓட்டினார். "ராஜா ஒரு படி மேல ஏறி மூலைப் பக்கம் ஒதுங்குது" என்று படித்துக்கொண்டே ராஜாவைத் தூக்கினார். தூக்கிய கை நின்றது. ராஜா போக வேண்டிய கட்டத்தில் அவருடைய சிப்பாயே நின்றுகொண்டிருந்தது.

புத்தகத்தை ஒரு தடவை, பலகையை ஒரு தடவை பார்த்தார்.

"சார்" என்றார் அவசரம், "அங்க ஏற்கெனவே ஆள் இருக்கு."

அறையே சிரித்தது. எக்ஸ்ரே சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். நான்காம் அத்தியாயத்தில் வெள்ளை மந்திரி குதிரையை மிரட்ட வருகிறது. அதை விரட்டுவதற்காகக் கறுப்பு தன் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிறது. அப்படித் தள்ளியதில் ராஜாவுக்கு முன்னால் ஒரு ஜன்னல் திறந்துவிடுகிறது. கடைசி வரிசையில் செக் வந்தால் அந்த ஜன்னல் வழியே ராஜா தப்பிக்கும். ஏழாம் அத்தியாயத்தில் மந்திரி அந்த இடத்துக்கு வருவதே இல்லை, அதனால் சிப்பாய் நகர்வதும் இல்லை, ஜன்னலும் இல்லை. மற்ற காய்களெல்லாம் அச்சாக அதே இடத்தில் நிற்கின்றன. மாஸ்டர் அந்த நிலையைப் பலகையில் அடுக்கியே பார்க்கவில்லை. பக்கம் மிச்சம் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். ராணி ஓரத்துக்குப் போன பிறகு கடைசி வரிசைக்குக் காவல் கிடையாது. திரும்பிவர வழியும் கிடையாது. ஆபத்து கண்ணுக்குத் தெரியும்போது ஆட்டம் முடிந்திருக்கும்.

"நான் நின்னது இந்த எடத்துலதான் சார்" என்றார் எக்ஸ்ரே. "எனக்கு எதிர்ல இருந்தவரு ஆடினது இதேதான், ஒரு நகர்த்தல்கூட மாறல. எங்க ஆட்டத்தாள் உங்க ஃபைல்லதான் இருக்கு. முதல்லேர்ந்து படிச்சுப் பாருங்க."

கேப்டன் படிக்கவில்லை. ராஜாவைப் பழைய கட்டத்தில் வைத்துவிட்டு, செல்போனை எடுத்து மாஸ்டரைக் கூப்பிட்டார். நாங்கள் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அதை அவர் பிறகு எத்தனை முறை நொந்துகொண்டாரோ.

மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். "ஆமா, சிப்பாய் அங்க இருந்தா அது நடக்காதுதான்" என்றார்.

"புத்தகத்துல அப்படி இல்லியே மாஸ்டர்" என்றேன் நான்.

"யாரும்மா அது? புத்தகத்துல நான் என்ன போட்டிருக்கேன்? 'பார்க்கவும்'னுதானே? 'அப்படியே ஆடவும்'னா போட்டேன்? பார்க்கச் சொன்னா, பார்க்கணும். ஒப்பிட்டுப் பார்க்கணும். அதுக்குத்தான் கறுப்புக்கு மூளை குடுத்திருக்கு."

இருபது வருடமாக அடுத்தவர் வாக்கியங்களைத் திருத்தியிருக்கிறேன். தப்பான வாக்கியத்தை எழுதியவர்கள் அழுதிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள், சிலர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். படித்தவன் நம்பியது படித்தவனுடைய தப்பு என்று சொன்னவரை அன்றுதான் கேட்டேன்.

கேப்டனுக்கு அதுவே ஊன்றுகோலாகிவிட்டது. போனை வைத்ததும் எக்ஸ்ரே பக்கம் திரும்பினார். "கேட்டீங்கல்ல? கண்ண மூடிட்டுப் புத்தகத்த ஆடினா இப்படித்தான் ஆகும். போர்டுல உக்காந்து யோசிச்சிருக்கணும்."

எக்ஸ்ரே எழுந்து நின்றார். கையிலிருந்த கோட்டை மேசையில் வைத்தார்.

"படிக்காம வந்தேன்னு எழுதினீங்க. இப்ப படிச்சதுதான் குத்தம்ங்கறீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார். எது சொன்னாலும் ஒத்துக்கறேன். ரெண்டையும் சேத்து என் தலைல கட்டாதீங்க."

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க."

"ஆமா, படறேன். தோத்தது நான்தான், அதுக்கு யாரையும் கைகாட்டல. டீம் எறங்கினதுல என் பங்கும் இருக்கு. ஆனா நான் தயாராகாம வந்தேன்னு அச்சடிச்சு எல்லா கிளப்புக்கும் அனுப்பியிருக்கீங்களே, அந்த ஒரு வரிய எடுங்க. மனப்பாடம் பண்ணுன்னது நீங்க. கம்ப்யூட்டர்ல போடாதன்னது நீங்க. உங்க பேச்சக் கேட்டதுக்கு நீங்களே தண்டன குடுப்பீங்களா?"

கேப்டன் காய்களைப் பெட்டியில் போட ஆரம்பித்தார். "செயற்குழுல பேசிக்கலாம்."

"அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று படியிறங்கும்போது எக்ஸ்ரேயிடம் கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களாக்கா?" என்றார். அவர் கீழே போய் வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலை மதிப்புரையை எழுதினேன். பச்சை அட்டைக்குக் கடைசி இடம். காரணத்தை மழுப்பவில்லை; அத்தியாயம், நகர்த்தல், நகராத சிப்பாய் எல்லாவற்றையும் போட்டு, இந்தப் புத்தகத்தை நம்பி ஒருவர் தோற்றிருக்கிறார், அவர் தயாரிப்போடுதான் வந்திருந்தார் என்றும் எழுதினேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "கோவமா இருக்கே?" என்றார். "இருக்கட்டும்" என்றேன்.

செயற்குழுவில் என்னையும் அவசரத்தையும் சேர்த்து ஏழு பேர். அந்த வரியை வாபஸ் வாங்க வேண்டும், நீக்கும் தீர்மானத்தைக் கைவிட வேண்டும் என்று நான் கொண்டுவந்தேன். அவசரம் ஆதரித்தார். அவர் வாழ்நாளிலேயே நீளமாகப் பேசியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"நான் சாவி தப்பா வெட்டிக் குடுத்தா, கதவு தெறக்கலன்னு வீட்டுக்காரனத் திட்டுவீங்களா? என்னத்தானே திட்டுவீங்க? இங்க என்ன நடக்குதுன்னா, சாவி வெட்டினவர விட்டுட்டு, கதவுக்கு முன்னால நின்ன பொண்ண வெளிய தள்றீங்க."

கிளப் தலைவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். சண்டை என்றாலே ஒத்துக்கொள்ளாத மனிதர். "ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு இருக்கு" என்றார்.

"இந்தப் பக்கம் என்ன தப்பு சார்?" என்று கேட்டேன். "கேப்டன் சொன்னதக் கேட்டது ஒண்ணு. வேற எது?"

"அதில்லம்மா. மாஸ்டர் நமக்கு வேண்டியவரு. வருசா வருசம் பயிற்சி முகாம் நடத்திக் குடுக்கறாரு. இத அச்சுல போட்டு ஊரெல்லாம் பரப்பணுமா? எக்ஸ்ரே பெரிய மனசு பண்ணி ஒரு சீசன் ஒதுங்கி இருந்தா எல்லாம் ஆறிடும்."

பெரிய மனசு! யார் தவறு செய்தாலும் அதைத் தாங்குகிற பெரிய மனசு மட்டும் எப்போதும் தவறு செய்யாதவரிடமிருந்துதான் கேட்கப்படுகிறது. அதை அங்கேயே சொன்னேன். கேப்டன், "கூட்டத்துல கோவப்படறது மரபு இல்ல" என்றார். கோபப்படாமல் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள்.

என் தீர்மானத்துக்கு மூன்று பேர் கை தூக்கினார்கள். எதிராக நான்கு. அறிக்கையின் வரி அப்படியே நின்றது. மதிப்புரையை வெட்டாமல் போடுவதென்றும், எக்ஸ்ரேயை ஒரு சீசனுக்கு மாற்று ஆட்டக்காரராக வைப்பதென்றும் முடிவானது. ஏப்ரல் இதழில் மதிப்புரை வந்தது. மே மாதம் எக்ஸ்ரே ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கிளப்பில் சேர்ந்தார். அங்கே அவருக்கு மூன்றாவது பலகை கொடுத்திருக்கிறார்கள். எங்கள் நான்காவது பலகையில் இப்போது கேப்டன் ஆடுகிறார்.